சித்தப்பாவுக்குப் பெண் கேட்கப் போன அண்ணன் மகன்

எங்கள் அண்ணன் சவாங் தன் முப்பத்து மூன்றாவது வயதில் ஒரு தொட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். தொட்டிலில் கிடந்தது சாமியும் இல்லை, பிக்குவும் இல்லை. பிறந்து ஒரு மாதமான குழந்தை. எங்கள் தாத்தா சேம் எழுபது வயதைத் தாண்டிய பிறகு வன்னா என்ற பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. தாத்தாவின் பிள்ளை என்றால் எங்கள் அப்பாவுக்குத் தம்பி. அப்பாவுக்குத் தம்பி என்றால் எங்களுக்குச் சித்தப்பா. முறை சரிதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதற்காகக் கட்டைவிரல் மூக்கைத் தொடக் கைகூப்பி, தலையைத் தாழ்த்தி, "சித்தப்பா, சவாங் வந்திருக்கேன்" என்று ஒரு மனுஷன் சொல்வானா? நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா பதிலுக்குக் கொட்டாவி விட்டார்.

வன்னா அடுக்களையிலிருந்து ஓடி வந்து தொட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வயதில் பெரியவர் சின்னவரைக் கும்பிட்டால் சின்னவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பாங் லென் ஊர்ப் பக்கத்தில் வாத்துகூடத் தெரிந்து வைத்திருக்கும் விஷயம்.

"ஏம்ப்பா சவாங், எம்புள்ள இப்பத்தான் பொறந்திருக்கான். அதுக்குள்ள அவன் ஆயுசுல கை வைக்கணுமா?" என்றாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல பாட்டி" என்று சொல்லிவிட்டு அண்ணன் அவளையும் கும்பிட்டார். பாட்டி அவரைவிட மூன்று வயது சின்னவள். தன் ஆயுசும் போச்சே என்று அவள் உள்ளே ஓடிப்போய்ப் புத்தருக்கு ஊதுவத்தி கொளுத்தினாள்.

தாத்தாவின் இந்தக் கல்யாணத்தைப் பார்த்து ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது. எங்கள் அப்பாவும் அவருடைய தம்பிமார்களும் விரலை வைக்கவில்லை, முகத்தையே திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அந்தக் குழந்தைக்குப் பேர் கிடையாது. 'அது' என்பார்கள். 'அதை இங்க தூக்கிட்டு வரவேண்டாம்' என்பார்கள். அந்த வருஷம் சோங்கிரான் பண்டிகையில், பெரியவர்கள் வரிசையாக உட்கார, சின்னவர்கள் அவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கும் நேரத்தில், அண்ணன் போய் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்து, அதன் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். மூத்த பேரன் செய்துவிட்டான் என்றால் மற்றப் பேரப்பிள்ளைகள் நாங்கள் சும்மா நிற்க முடியுமா? வரிசையாகப் போய் ஊற்றினோம். குழந்தைக்குச் சட்டையெல்லாம் நனைந்து தும்மல் வந்துவிட்டது. அப்பா அந்த மழைக்காலம் முழுக்க அண்ணனோடு பேசவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்காமலே புரிந்தது. எங்கள் வீட்டில் மூத்த பேரன் கும்பிட்ட ஒருத்தனை அதற்கப்புறம் யாரும் 'அது' என்று சொல்ல முடியாது. யாராவது மறந்துபோய்ச் சொன்னால், அண்ணன் கையிலிருக்கும் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எது?" என்று கேட்பார். அவ்வளவுதான், கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார். சொன்னவர் பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் குழந்தைக்கு வன்னா வைத்த பேர் கோல்ஃப். தாத்தா தன் ஆயுளில் கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் பார்த்து அவளாக வைத்தாள். ஆக, எங்கள் அண்ணன் தன் வாழ்நாளெல்லாம் 'கோல்ஃப் சித்தப்பா' என்று சொல்லும்படி ஆயிற்று. நான் மட்டும் இங்கே அவன் இவன் என்று எழுதுகிறேன். அண்ணன் படித்தால் திட்டுவார். திட்டட்டும்.

அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோல்ஃப் விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள். மனுஷனுக்கு முறை என்றால் சாப்பாடு வேண்டாம். கல்யாண வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வருவார்கள். இழவு வீட்டில் யார் முதலில் பிணத்தின் கையில் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை வந்தால், சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து வரிசையைச் சரிபண்ணுவார். இத்தனை தெரிந்தவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தடவை ஒரு பெண் மேல் ஆசைப்பட்டார். அவளுக்கும் இஷ்டம். இவர் துருவித் துருவிப் பார்த்து, அவள் எங்கள் அம்மா வழியில் எங்கோ சுற்றி வளைத்துச் சித்தி ஆகிறாள் என்று கண்டுபிடித்தார். யாரும் கேட்கவில்லை. இவராகவே கண்டுபிடித்தார். அடுத்த நாளே போய் அவளைக் கும்பிட்டு, "சித்தி, உங்களுக்கு நல்ல மாப்பிள்ளை வரணும்" என்று வாழ்த்திவிட்டு வந்தார். அவள் கையில் கிடைத்த உலக்கையை வீசினாள் என்று கேள்வி. நானாக இருந்தால் குறி தவறியிருக்க மாட்டேன்.

கோல்ஃபுக்கு இரண்டு வயதானபோது தாத்தா போய்விட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் வன்னாவும் போய்விட்டாள். அப்போது நான் புருஷனைத் துரத்திவிட்டு அண்ணனின் வாத்துப் பண்ணைக்கே திரும்பி வந்திருந்தேன். பையன் ஒரு துணிப்பையோடு வந்து வாசலில் நின்றான். அண்ணன் வழக்கம்போல் கும்பிடக் கையை எடுத்தார். பையன் சட்டென்று அந்தத் துணிப்பையை அவர் கையில் திணித்துவிட்டான். இது வன்னா சொல்லிக் கொடுத்த வித்தை. சவாங் வந்தால் அவன் கையில் எதையாவது கொடுத்துவிடு, கை நிறைந்திருந்தால் கும்பிட முடியாது, உன் ஆயுசு பிழைக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இதே வேலைதான். காலையில் அண்ணன் கொட்டகைப் பக்கம் தலை காட்டுவார். பையன் ஓடிப்போய்க் கையில் ஒரு வாத்தைக் கொடுப்பான். அதைக் கீழே விட்டுவிட்டுக் கும்பிடுவதற்குள் இன்னொரு வாத்து வரும். முட்டைத் தட்டு வரும். மீன் குழம்புச் சட்டி வரும், அதுவும் சுடச்சுட. ஒரு தடவை ஒன்றும் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வாங்கிக் கொடுத்துவிட்டான். அண்ணன் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்தினார். சித்தப்பா தலைதெறிக்க ஓடினார்.

வளர்க்கிற பிள்ளையை மரியாதையோடு வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "சித்தப்பா, மூக்கைத் தொடைங்க." "சித்தப்பா, ஆத்துல குதிக்காதீங்க." "சித்தப்பா, கணக்குல முட்டை வாங்கிட்டீங்களாமே, தயவுசெஞ்சு படிங்க." பையன் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தான். முறைப்படி பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அப்பனாகிற வயசுள்ள ஆளைப் பேர் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பெரியப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தான். அண்ணன் திரும்பிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறான் என்று பின்னால் தேடினார். கடைசியில் ஒரு பேரும் இல்லாமல் "ஏங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டே வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர், பையனுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். அண்ணன் மகன் என்றார் இவர். டீச்சர் கொஞ்சம் முன்னால் குனிந்து இவர் மேல் சாராய வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தார்.

இப்படியே கோல்ஃப் இருபத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டான். பார்சல் வண்டி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை, குடி கிடையாது. ஆற்றங்கரைச் சந்தையில் வாத்துத் தீவனக்கடை வைத்திருக்கும் குவாங் முதலாளியின் மகள் ப்ரே மீது அவனுக்கு ஆசை வந்தது. அவளுக்கும்தான். எங்கள் கொட்டகையில் தேவைக்கு மேல் தீவன மூட்டை அடுக்கி இருந்ததைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குவாங் முதலாளி ஒத்துக்கொள்கிற மாதிரி ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். முறைப்படி உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பெண் கேட்கட்டும், பையன் தானாக வந்து கேட்டால் நான் கொடுக்கிறதாக இல்லை என்றார். நியாயமான பேச்சு. அடுத்த வாரம் சுபன்புரியிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் தன் பிள்ளைக்குப் பேச ஆள் அனுப்புகிறாராம். அதற்கு முன்னால் வந்தால் சரி, இல்லாவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். இதை வந்து சொல்லும்போது கோல்ஃபின் முகம் பேயறைந்தது போல இருந்தது.

பெரியவர் என்றால் யார்? அப்பா செத்துப்போனார். அவருக்கு அடுத்தவரும் செத்துப்போனார். மூன்றாமவர் உபோன் பக்கம் காட்டு மடத்தில் பிக்குவாக இருக்கிறார், அவர் காவி உடையில் பெண் கேட்க வர முடியாது. நான்காமவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்குக் கடன் கொடுத்தவர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கிற நாங்கள் எல்லோரும் பேரப்பிள்ளைகள். முறைப்படி பார்த்தால் எங்கள் குடும்பத்தில் உயிரோடு, வீட்டோடு இருக்கிற ஒரே பெரியவர் கோல்ஃப்தான். மாப்பிள்ளைதான் குடும்பத்தின் மூத்தவர். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

"ஊர்த் தலைவரைக் கேட்போம் சித்தப்பா. அவர் வந்து கேட்டா மரியாதையா இருக்கும்" என்றார் அண்ணன்.

"ஊர்த் தலைவரா எனக்குச் சோறு போட்டாரு?" என்றான் கோல்ஃப். "நீங்க வந்தா வாங்க. இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். சித்தப்பாவுக்கு அண்ணன் மகன் போய்ப் பெண் கேட்பது உலகத்தில் எங்காவது உண்டா, அப்பனுக்குப் பிள்ளை பெண் கேட்கிற மாதிரி அல்லவா இருக்கும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறை பார்த்துப் பார்த்து நீதான் ஒண்டிக்கட்டையாக நிற்கிறாய், இந்தப் பிள்ளையையும் நிறுத்தப் போகிறாயா என்று கேட்டுவிட்டேன். அண்ணன் அன்றைக்கு முழுக்க வாத்துகளைத்தான் திட்டினார், அவற்றையும் வாங்க போங்க என்றே திட்டினார்.

மறுநாள் எழுந்ததும், சரி வருகிறேன் என்றார். ஆனால் ஓரமாகத்தான் உட்காருவேன், பேசுகிறதெல்லாம் ஜியாப் பேசட்டும் என்றார். ஜியாப் நான்தான். எனக்கு அதுதான் வேண்டும். வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். யார் என்ன கேட்டாலும் சிரி. உறவு கேட்டால் வளர்த்தவங்க என்று நான் சொல்லிக்கொள்வேன். அண்ணன் மகன் என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவே கூடாது. சரி சரி என்று தலையாட்டினார். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

குவாங் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன்னறையில் சலவைக்கல் பதித்த பெரிய மர நாற்காலிகள், எதிர்ச் சுவரோரம் தரையில் மண் தெய்வத்துக்குச் சிவப்பு மாடம், அதன் முன்னால் சின்னச் சின்னத் தேநீர்க் கிண்ணங்கள். நாங்கள் கொண்டுபோன பம்பளிமாஸ் கூடையையும் உப்பு முட்டையையும் குவாங்கின் மனைவி மூய் வாங்கி வைத்தாள். குவாங்குக்கு அறுபது வயது, அண்ணனைவிட ஒரு வயது குறைவு. தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம் அடித்து, பார்க்க ஐம்பது மாதிரி இருந்தார். நெஞ்சில் மூன்று ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று அவரே வந்தவுடன் சொன்னார். அவர் வற்புறுத்தியதால் அண்ணன் நாற்காலியின் நுனியில், தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தார். கோல்ஃப் பக்கத்தில் நின்றான். உள்ளே போகும் வழியில் ஒரு திரை. திரைக்குக் கீழே ப்ரேயின் கால்விரல்கள் தெரிந்தன.

லாங்கன் பழச்சாறு வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம். முட்டை விலையைப் பற்றிப் பேசினோம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தம்பிக்கு நீங்க பெரியப்பாங்களா, மாமாங்களா?" என்று குவாங் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வளர்த்தவங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணன் மகன்" என்றார் அண்ணன்.

"ஓ, இவரு உங்க அண்ணன் மகனா? அப்போ நீங்க சித்தப்பா."

"இல்லீங்க. அவருதான் சித்தப்பா. நான்தான் அவருக்கு அண்ணன் மகன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். குவாங் அண்ணனின் நரைத்த தலையையும் பார்த்தார், பக்கத்தில் நின்ற பையனையும் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். தாத்தாவின் இரண்டாம் கல்யாணத்தை நான் எப்படியோ நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அதற்குள் அண்ணன் மனசுக்குள் முறையை மேற்கொண்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ப்ரேயைச் சித்தப்பா கட்டினால் அவள் சித்தி. சித்திக்கு அப்பா என்றால்?

அண்ணன் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கி, மண்டி போட்டுக் கைகூப்பினார். "தாத்தா" என்றார்.

குவாங் துள்ளி எழுந்துவிட்டார். "யாருய்யா தாத்தா? கையைக் கீழ போடுங்க. எனக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். முறையானவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் திரும்பித்தானே கும்பிட வேண்டும்? அண்ணன் முழங்காலாலேயே திரும்பினார். குவாங் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். அண்ணன் இந்தப் பக்கம் திரும்பினார். மூய் தட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். குவாங் கடைசியில் மனைவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அண்ணன் தரையில் இருக்கும்போது கோல்ஃப் நிற்பானா? அவனும் உட்கார்ந்தான். சித்தப்பா உட்கார்ந்துவிட்டாரே என்று அண்ணன் தலையை இன்னும் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாரே என்று இவன் அதைவிடத் தாழ்த்தினான். பெரியவர் தலையைவிடத் தன் தலை கீழே இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் நெற்றியும் ஏறக்குறையத் தரைக்கு வந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குவாங் மனைவியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"பெரியவரே, நான் ஏன் பெரியவரைக் கூட்டிட்டு வரச் சொன்னேன் தெரியுமா? பழக்கூடை வாங்கறதுக்கா? நாளைக்கு இவன் என் பொண்ணை அழ வெச்சா நான் யார்கிட்ட போய் நிக்கறது? இவனைக் கூப்பிட்டு ரெண்டு வைக்கறதுக்கு ஒருத்தர் வேணும். நீங்க அவனைக் கும்பிடறீங்க. கும்பிடறவரு எப்படிய்யா அடிப்பாரு?"

முறைப்படி பார்த்தால் குவாங் கேட்டது சரி. சித்தப்பாவை அடிக்க அண்ணன் மகனுக்கு ஏது உரிமை? நான் வாயைத் திறந்து, தேவைப்பட்டால் நான் அடிக்கிறேன் என்றேன். உங்களைப் பார்த்தாலே தெரியுது அம்மா, ஆனால் நீங்களும் அவனுக்கு அண்ணன் மகள்தானே என்றார் குவாங். வேண்டாம், மனஸ்தாபம் இல்லாமல் போய்வாருங்கள், அரிசி ஆலைக்காரரும் வரட்டும், பார்க்கலாம் என்றார். திரைக்குக் கீழே இருந்த கால்விரல்கள் உள்ளே மடங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்படிச் சிரித்துக்கொண்டே நாசமாகப் போகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

"அடிச்சிருக்காரு" என்றான் கோல்ஃப், தரையைப் பார்த்தபடியே.

"யாரு?"

"இவருதான். என்னை."

எனக்கே தெரியாத கதை அது. அவனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, நான் முட்டை விற்கப் போயிருந்த ஒரு நாள், வாத்து ஏற்றும் லாரியைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிக் கால்வாயில் இறக்கிவிட்டான். உள்ளே வாத்துகள் வேறு. அவை நீந்திப் போய்விட்டன, இவனுக்குத்தான் தொண்டை வரை தண்ணீர். அண்ணன் குதித்து இழுத்து வந்து கரையில் போட்டார். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். கை கால் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம் எதிரே மண்டி போட்டு, கைகூப்பி, "சித்தப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். இவன் எதற்கு என்று யோசிப்பதற்குள் மூங்கில் குச்சியை எடுத்துக் கெண்டைக்காலில் விளாசித் தள்ளிவிட்டார். குச்சி ஒடிந்ததும் அதைத் தூரப் போட்டுவிட்டு மறுபடியும் மண்டி போட்டு, "முடிஞ்சது சித்தப்பா, மன்னிச்சிடுங்க" என்று இன்னொரு கும்பிடு போட்டார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

"அடியை விட அந்தக் கும்பிடுதான் ரொம்ப வலிச்சுது" என்றான் கோல்ஃப். "அதுக்கப்புறம் இவர் என்னைக் கும்பிட வந்தாலே காலு தானா நடுங்குது."

குவாங் முதலில் மூக்கால் சிரித்தார். அப்புறம் வாயால். ஸ்டென்ட் வைத்த நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, போதும் போதும் என்று யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி சிரித்தார். மூய் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணன் மட்டும் வெட்கத்தில் காது சிவக்க, "அது அவசரத்துல நடந்ததுங்க, தப்புதான்" என்றார்.

குவாங் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சரி பெரியவரே. இப்ப நாற்காலியில ஏறி உக்காந்து கேளுங்க. தரையில உக்காந்து பொண்ணு கேட்டா எங்கிட்ட கடன் கேக்கற மாதிரி இருக்கு. கடன் கேக்கறவங்களுக்கு நான் எதுவும் கொடுக்கறதில்ல."

இத்தனை தூரம் வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் உயரம்தான் ஏற வேண்டும். எங்கள் அண்ணன் ஏறுவாரா? "சித்தப்பா கீழ இருக்கும்போது நான் மேல உக்காரக்கூடாதுங்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினேன். குவாங் சொல்லிப் பார்த்தார். மூய் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. குவாங்குக்கும் பொறுமை போய்விட்டது, கடையில் ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பப் பார்த்தார்.

அப்போது கோல்ஃப் எழுந்து நின்றான். நிமிர்ந்து நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

"சவாங்" என்றான்.

அந்தப் பேரை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அண்ணனும் கேட்டதில்லை. அண்ணன் தலையைத் தூக்கினார்.

"நான் உன் சித்தப்பா. சொல்றேன். எந்திரிச்சு நாற்காலியில உக்காரு."

அண்ணன் எழுந்தார். வேறென்ன செய்வார் பாவம்? தாத்தா வழியில் வீட்டோடு மிச்சமிருக்கும் ஒரே பெரியவர் உத்தரவு போட்டுவிட்டார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார், இந்தத் தடவை நுனியில் இல்லை. பழக்க தோஷம், கை தானாகக் கூப்ப மேலே வந்தது.

"கையை எடுக்காதே. மடியில வை" என்றான் கோல்ஃப். குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "நான் சொல்ற வரைக்கும் மடியிலேயே இருக்கணும்."

கை மடிக்குப் போயிற்று. கோல்ஃப் அவர் முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, அவர் பாதத்தில் நெற்றியை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை. வாழ்நாளில் எத்தனையோ பேர் வீட்டு விசேஷத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்ன மனுஷனுக்கு, தனக்கு ஒரு பிள்ளை விழுந்து கும்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. நானும் மூயும் சேர்ந்துதான், தலையில் கையை வை, தலையில் கையை வை என்று ஜாடை காட்டினோம். வைத்தார். பயந்து பயந்து வைத்து, பிறகு தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து வடிந்தது மூக்கு வழியாக மோவாய்க்கு வந்தது. ஒரு கை தலையில், இன்னொன்று உத்தரவுப்படி மடியில், துடைக்கக் கையில்லை.

அப்படியே குவாங்கைப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. தாத்தா என்று ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

"குவாங் தம்பி" என்றார் அண்ணன். "எம்பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன்."

குவாங் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். பிறகு, வயதில் சின்னவர் செய்ய வேண்டியபடி, அவரே முதலில் கைகூப்பித் தலை தாழ்த்தினார். கொடுத்தாச்சு அண்ணே, எடுத்துக்கோங்க என்றார். திரைக்குப் பின்னால் ப்ரே அழுகிற சத்தம் கேட்டது, மூய் உள்ளே ஓடினாள். நான் கூடையிலிருந்த பம்பளிமாஸ் ஒன்றை எடுத்து, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே உரிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் மெதுவாகக் குனிந்து, தன் காலடியில் கிடந்தவனின் காதருகே ரகசியமாகக் கேட்டார்.

"இப்ப எறங்கட்டுமா சித்தப்பா?"

கோல்ஃப் நெற்றியை எடுக்காமலே தலையை ஆட்டினான்.

"இருங்க அப்பா" என்றான்.

அண்ணன் இறங்கவில்லை.